மச்சாளுக்கு வந்த மமோகிராம் கடிதம்

மச்சாளுக்கு 51 வயது, லண்டனில் ஹரோவில் இருக்கிறா. மமோகிராமுக்கு, அதாவது மார்பில் புற்றுநோய் இருக்கா என்று பார்க்கும் எக்ஸ்ரே படத்துக்கு, வரச்சொல்லி என்.எச்.எஸ். என்ற அரசாங்க மருத்துவ சேவையின் கடிதம் வந்ததும் வீட்டில் இரண்டு கட்சி. அண்ணா, "காசில்லாமல் செய்யிறாங்கள், போய் எடுத்திட்டு வா" என்றார். வேலையிடத்துச் சிநேகிதி, "அதுகளுக்குப் போனால்தான் இல்லாத வருத்தமெல்லாம் வரும்" என்றாவாம். மச்சாளின் கவலை வேறு: படம் எடுக்கிறது ஆம்பிளையா, தாலிக்கொடியைக் கழட்டவேணுமா. (எடுப்பவர்கள் பெண்கள்தான். சங்கிலி கழட்டச் சொல்லுவார்கள். கனமான கொடியென்றால் வீட்டில் வைத்துவிட்டுப் போவது சுகம்.)

கடிதத்தோடு வரும் சிறுபுத்தகத்தை அண்ணா வாசித்தார். ஆனால் மச்சாளுக்குத் தமிழில் சொன்னது நல்ல பக்கத்தை மட்டும். எனக்குக் கோபம் வந்தது அதில்தான். 2012இல் மைக்கேல் மார்மட் என்ற பிரித்தானியப் பேராசிரியர் தலைமையிலான குழு போட்ட கணக்கு இது: 10,000 பெண்களை 50 வயதிலிருந்து 20 வருடம் அழைத்துப் பார்த்தால், 43 பேர் மார்பகப் புற்றுநோயால் சாகாமல் தப்புவார்கள். அதே 10,000 பேரில் 129 பேருக்கு, தேடாமல் விட்டிருந்தால் ஆயுசுக்கும் ஒரு கரைச்சலும் தந்திராத புற்றுநோய் பிடிபடும். அவர்களுக்கும் சத்திரசிகிச்சை, கதிர்ச் சிகிச்சை எல்லாம் நடக்கும். யார் அந்த 129 பேர் என்று எந்த டொக்டராலும் பிரித்துச் சொல்ல ஏலாது. இரண்டு எண்ணையும் சேர்த்துச் சொல்லாதவர் மொழிபெயர்ப்பாளர் இல்லை, தரகர்.

ஜீ.பீ.யிடம், அதாவது குடும்ப டொக்டரிடம், கதைக்கலாம் என்றேன். சந்திப்பு எடுக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணும் என்று கேட்கச் சொன்னேன். அதற்குக் காசில்லை, பல பேருக்குத் தெரியாது. புருசனை வைத்துக்கொண்டு மார்பைப் பற்றி எவள் மனம்விட்டுக் கதைப்பாள்?

டொக்டர் எடுத்தவுடன் கேட்டது குடும்பக் கதை. "பெரியம்மாவுக்கு நெஞ்சில ஒரு கட்டி வந்தது" என்றா மச்சாள். எத்தனை வயதில்? தெரியாது. எங்கள் ஆட்கள் அந்த வருத்தத்தின் பெயரையே வாயால் சொல்லமாட்டார்கள், வயதை எங்கே சொல்வது! கனடாவில் இருக்கும் சின்னம்மாவுக்கு வாட்ஸப்பில் எடுத்துக் கேட்டதில், எழுபதை நெருங்கித்தான் வந்ததாம். நாற்பதுக்கு முன் அம்மாவுக்கோ கூடப்பிறந்தவளுக்கோ வந்திருந்தால் தனிப் பிரிவுக்கே அனுப்பியிருப்பாராம். இது அப்படியில்லை, மற்றப் பெண்களின் கணக்குத்தான் உங்களுக்கும் என்றார்.

படம் எடுத்தபிறகு இன்னும் சோதிக்கத் திருப்பிக் கூப்பிட்டால் என்ன செய்வது என்றும் மச்சாள் கேட்டிருக்கிறா. 100 பேரில் 4 பேரைக் கூப்பிடுவார்கள், அந்த 4 பேரில் ஒருத்திக்குத்தான் புற்றுநோய் இருக்கும். இதை முன்கூட்டியே கேட்டு வைத்தது நல்லது. இல்லாவிட்டால் இரண்டாவது கடிதம் கண்டதும் வீட்டில் செத்தவீடு மாதிரி அழுகை தொடங்கியிருக்கும்.

மச்சாள் போக முடிவெடுத்தா. "படம் எடுக்க மார்பை நசுக்கிறது கொஞ்ச நேரந்தானே, தெரியாமல் இருக்கிறதுதான் எனக்குப் பயம்" என்றா. எங்கள் தெருவில் இன்னொரு அக்கா, வயது 69, இதயம் பலவீனம். அவவும் டொக்டரோடு கதைத்துத்தான் வேண்டாமென்று விட்டா. எனக்கு இரண்டும் சரியான முடிவாகத்தான் படுகிறது. மனம் மாறினால் பிறகும் போன் எடுத்துக் கேட்கலாம்.

ஒன்று மட்டும்: கட்டியோ, தோலில் சுருக்கமோ, முலைக்காம்பில் கசிவோ கண்டால், போன மாதம் எடுத்த படம் நல்லதென்று வந்திருந்தாலும் மூன்று வருடத்துக்கு ஒருக்கால் வரும் அடுத்த கடிதத்துக்காகப் பார்த்திருக்க வேண்டாம். உடனே ஜீ.பீ.க்கு அடியுங்கோ.