சித்திரைத் திருவிழாவில் வயிற்றுக்கும் ஒரு பங்கு

அழகர் வைகையில் இறங்கும் சித்ரா பௌர்ணமி நெருங்கிவிட்டால், உணவுக் கட்டுப்பாட்டை ஓரமாக வைத்துவிட்டு மதுரைக்குக் கிளம்பிவிடுவது என் வழக்கம். தட்டைவிடப் பெரிதாகப் பொரித்து, மிளகாய்த்தூள் தூவித் தரும் டெல்லி அப்பளத்தை உடையாமல் கூட்டத்துக்குள் கொண்டுசெல்வதற்கே தனித் திறமை வேண்டும். அந்தக் காரம் நாக்கில் இருக்கும்போதே ஜிகர்தண்டா குடித்துவிட வேண்டும். சுண்டக் காய்ச்சிய பால், ஊறவைத்த கடற்பாசி, நன்னாரி சர்பத், மேலே ஒரு கரண்டி ஐஸ்கிரீம் என்று சேரும் அந்தக் குவளையில் சர்பத்தைக் கூட்டிப் பாலைக் குறைக்கும் கடைகளை நான் மறுமுறை நாடுவதில்லை. பந்தல்களில் இலவசமாக வழங்கப்படும் பானகமும் நீர்மோருமே வெயிலுக்கு ஏற்றவை என்பதை மறுக்கவில்லை. ஆனால், சட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த மிளகாய் பஜ்ஜியின் வாசத்துக்கு முன்னால் அந்த நியாயம் எடுபடுவதில்லை. இவ்வாண்டு உடன்வர விரும்பும் நண்பர்கள் தெரிவிக்கலாம். பஞ்சுமிட்டாயில் மட்டும் பங்கு கேட்கக் கூடாது.