வீட்டுக்கு வரப்போகும் பறவை: ஒரு நாட்குறிப்பு

ஜூன் 2

வீட்டில் ஒரு பறவை வளர்ப்பது என்று இன்று முடிவாயிற்று. எந்தப் பறவை என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி. மூத்தவளுக்கு ஒன்பது வயது, அவளுக்குக் கொண்டை வைத்த காக்டெயில் கிளி வேண்டும். இவருக்குப் பேசுகிற பறவை வேண்டும். நாலு வயதுக்காரனுக்கு "பெரிசு" வேண்டும். அத்தைக்கு எதுவானாலும் சரி. எனக்கு ஒரே ஒரு நிபந்தனை: அக்டோபரில் இன்னொரு குழந்தை பிறக்கப்போகிறது. இன்றைக்கு இருக்கும் வீட்டுக்கு ஏற்ற பறவை போதாது, அக்டோபருக்குப் பிறகு இருக்கப்போகும் வீட்டுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

சின்னவனின் "பெரிசு" முதலிலேயே விலகிவிட்டது. ஆப்பிரிக்கன் கிரே, மக்காவ் போன்ற பெரிய கிளிகள் எல்லாம் நாற்பது, ஐம்பது வருடம் இருக்கக்கூடியவை. அறிவும் அதற்கேற்ற அளவு. ஐரீன் பெப்பர்பெர்க் ஆராய்ச்சிக்காக வளர்த்த அலெக்ஸ் என்ற கிரே, நிறம், வடிவம், எண்ணிக்கை எல்லாவற்றையும் கேட்டால் சொல்லும். 2007இல் இறந்தபோது அதற்கு 31 வயது. அப்படிப்பட்ட மூளை நாள் முழுக்கக் கூண்டில் சும்மா உட்கார்ந்தால் தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்ளும். காட்டிலிருந்து பிடித்துப் பிடித்து இந்த இனமே குறைந்துபோனதால், 2016இல் சைட்டீஸ் என்ற, அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையின் நாடுகள் வாக்களித்து, காட்டுக் கிரேக்களின் சர்வதேச வணிகத்துக்குத் தடை கொண்டுவந்தன. அனுபவமுள்ளவர்கள் கையிலேயே சிரமப்படும் பறவை. கைக்குழந்தை வரப்போகும் வீட்டில் அதை வைப்பது பறவைக்கு அநியாயம்.

ஜூன் 5

இன்று பிள்ளைகளின் கையைப் பற்றி யோசித்தேன்.

நமக்கு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே, மூச்சு விட உதவும் உதரவிதானம் என்ற தசை இருக்கிறது. பறவைக்கு அது கிடையாது. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் உடம்புக்குள் இருக்கும் காற்றுப் பைகளுக்குள் காற்று போய்வரும். ஆசையாகச் சுற்றிப் பிடித்து மார்பை இறுக்கிவிட்டால் மூக்கும் வாயும் திறந்திருந்தாலும் அதற்கு மூச்சு முட்டும். சின்னவன் எதைப் பிடித்தாலும் ஐந்து விரலாலும் அழுத்தித்தான் பிடிப்பான். அவன்மேல் தப்பில்லை, நாலு வயதுக் கை அப்படித்தான்.

இரண்டு பேரையும் உட்காரவைத்து அவரவர் விலாவில் கைவைத்து மூச்சு விடச் சொன்னேன். மேலும் கீழும் போவதைத் தொட்டுப் பார்த்தார்கள். "இதை யாராவது இறுக்கிப் பிடித்துக்கொண்டால்?" என்றேன். மூத்தவள் முகம் மாறிவிட்டது. தம்பியின் கையைப் பிரித்து, "நீ விரலை மட்டும் நீட்டு, அது வந்து உட்காரட்டும்" என்று அவளே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். அதையே சட்டமாக வைத்துவிட்டோம். பறவை கைக்கு வரும், கை பறவையிடம் போகாது.

அப்படியானால் தொடவே தேவையில்லாத ஃபிஞ்ச் குருவி நல்லதோ என்றும் ஒரு யோசனை. ஜீப்ரா ஃபிஞ்ச் சிறியது, சத்தமும் பொம்மை ஊதலைப் போல மெல்லியது. ஜோடியாகவோ கூட்டமாகவோ விட்டால் அது பாட்டுக்கு வாழும். மனிதர் கையை விரும்பாது. பார்த்துக்கொண்டே இருப்பதற்கு அருமையான பறவை. ஆனால் பழகுவதற்கு ஒரு துணையை எதிர்பார்க்கும் மூத்தவளுக்கு அது ஏமாற்றமாகிவிடும். பட்டியலில் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன், அடிக்கவில்லை.

ஜூன் 9

தோழி வீட்டுக் காக்டெயிலைப் பார்க்கப் போனோம்.

எனக்கே மனம் போய்விட்டது. சாம்பல் உடம்பு, மஞ்சள் முகம், கன்னத்தில் வட்டமாக ஆரஞ்சு. கதவு திறந்த சத்தத்துக்குக் கொண்டை சட்டென்று நிமிர்ந்தது. எங்களைப் பார்த்துப் பழகியதும் மெல்லத் தணிந்தது. மூத்தவள் நீட்டிய விரலில் ஏறி, தலையைக் குனிந்து பிடரியைக் காட்டியது. சொறிந்துவிடச் சொல்கிறதாம். அவள் இறகின் எதிர்த்திசையில் ஒற்றை விரலால் வருட, அது கண்ணை மூடிக்கொண்டது.

தோழி கருப்புத் துப்பட்டா போட்டிருந்தாள். பறவை அவள் தோளில் ஒருமுறை உடம்பைச் சிலிர்த்து உதறியதும், அந்த இடத்தில் மாவு தூவியதுபோல வெள்ளையாகப் படிந்தது. காக்டெயில், காக்கட்டூ வகைகளுக்கு இறகைக் காக்க ஒரு நுண்தூள் உண்டு. மென்மையான அடியிறகு பொடிந்து பொடிந்து வருவது. கூண்டைச் சுற்றி மேஜை, திரைச்சீலை எல்லாவற்றிலும் அது இருந்தது. தோழி தினமும் துடைக்கிறாள், தினமும் படிகிறது.

அத்தைக்கு வீசிங் உண்டு. அரை மணி நேரத்தில் இருமல் ஆரம்பித்தது, வெளியே போய் இன்ஹேலர் எடுத்தார். வீட்டுக்கு வரும் வழியில், "எனக்காக ஏம்மா பிள்ளை ஆசையைக் கெடுக்கணும்? நான் என் ரூம்ல இருந்துக்கறேன்" என்றார். காக்டெயில் பதினைந்து, இருபது வருடம் இருக்கும் பறவை. அத்தனை வருடமும் அத்தை அறைக்குள்ளேயே இருப்பதா? முடியாது என்று சொல்லிவிட்டேன். மூத்தவள் இரவு கொஞ்சம் அழுதாள். பிறகு அவளே பாட்டி பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஜூன் 10

ஆப்பிரிக்க லவ்பேர்ட் பற்றியும் விசாரித்தோம். அழகு, சுறுசுறுப்பு எல்லாம் சரி. தன் இடத்துக்கு உரிமை கொண்டாடும், கடித்தால் ரத்தம் வரும், சத்தம் காதைத் துளைக்கும். சின்னப் பிள்ளை விரலுக்கு வேண்டாம்.

ஜூன் 14

மாதாந்திரப் பரிசோதனையில் டாக்டரிடம் பறவை விஷயத்தைச் சொன்னேன். அத்தைக்கும் எனக்கும் சேர்த்துக் கேட்டேன்.

கிளியினப் பறவைகளிடமிருந்து மனிதருக்கு வரக்கூடிய சிட்டகோசிஸ் என்ற காய்ச்சல் இருக்கிறது. எச்சம் காய்ந்து தூளாகி மூச்சில் போனால் வரும். 1929–30இல் கப்பலில் வந்த கிளிகள் வழியாகப் பல நாடுகளில் பரவியது இதுதான். இன்றைக்கு ஆன்டிபயாடிக்கில் குணமாகிவிடும், அரிதும்கூட. ஆனால் கர்ப்ப காலத்தில் வந்தால் கடுமையாகிவிடும். அதனால் கூண்டைச் சுத்தம் செய்யும் வேலை எனக்குக் கிடையாது, இவருக்குத்தான். உலர்ந்த எச்சத்தைச் சுரண்டக் கூடாது, முதலில் தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, பிறகு காகிதத்தோடு சுருட்டி எடுக்க வேண்டும். பிள்ளைகள் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பறவைக்கு முத்தம் கிடையாது.

அத்தைக்குத் தூள் குறைவான பறவையாக இருந்தாலும் முதலில் அது இருக்கும் வீட்டில் இரண்டு மூன்று முறை உட்கார்ந்து பார்க்கச் சொன்னார். எங்கள் பட்டியலில் இப்போது மிச்சம் பட்ஜி என்ற சின்னக் கிளியும் ஃபிஞ்சும்தான்.

ஜூன் 19

பட்ஜி வளர்ப்பவர் ஒருவர் வீட்டில் அத்தையை உட்காரவைத்துப் பார்த்தோம், மறுபடியும் போனோம். இருமல் இல்லை.

பட்ஜியைச் சாதாரணப் பறவை என்று பலர் ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. 18 சென்டிமீட்டர் நீளம், 30 முதல் 40 கிராம் எடை. அந்த உடம்புக்குள் ஒரு முழுக் கிளியின் புத்தி இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலங்களில் தண்ணீரைத் தேடி ஆயிரக்கணக்கில் கூட்டமாகப் பறப்பவை. பறவையியலாளர் ஜான் கூல்ட் 1840இல் இவற்றை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அப்போது பச்சையும் மஞ்சளும்தான் நிறம். நீலம், வெள்ளை எல்லாம் மனிதர் வளர்ப்பில் நிலைத்தவை. தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் பிறந்து வருபவை என்பதால், இதை வாங்கினால் காட்டில் ஒரு கூடு காலியாகுமோ என்ற உறுத்தலும் இல்லை. ஆயுள் ஐந்திலிருந்து பத்து வருடம், நன்றாகப் பார்த்துக்கொண்டால் அதற்கு மேலும்.

பேசுமா என்று இவர் கேட்டார். கலிஃபோர்னியாவில் பக் என்ற பட்ஜி 1,728 சொற்கள் அறிந்திருந்ததாகக் கின்னஸில் பதிவாகியிருக்கிறது. இவர் முகம் மலர்ந்துவிட்டது.

ஜூன் 21

ஒன்றா இரண்டா? இதுதான் இந்த வாரத்தின் பெரிய விவாதம்.

தனியாக வளர்த்தால் சீக்கிரம் நம்மிடம் ஒட்டிக்கொள்ளும், பேசவும் வாய்ப்பு அதிகம். அதனால் இவருக்கு ஒன்று போதும். தனிப் பறவைக்கு நாம்தான் கூட்டம், தினமும் மணிக்கணக்கில் கூட இருக்க வேண்டும். இப்போது அந்த நேரம் இருக்கிறது. அக்டோபரில்? ராத்தூக்கம் இல்லாமல், பால் கொடுத்து, துணி மாற்றிக்கொண்டிருக்கும்போது மூலையில் ஒரு பறவை எங்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கண்ணாடியைத் தொங்கவிட்டால் அது துணையாகாது.

இரண்டு என்று முடிவு செய்தோம். பேச்சு வராமல் போனால் போகட்டும் என்று இவரும் ஒப்புக்கொண்டார். இரண்டுமே ஆண். ஆண்கள் பெரும்பாலும் சண்டையில்லாமல் இருக்கும், பெண்கள் இரண்டு என்றால் அடித்துக்கொள்ளலாம், ஜோடி என்றால் முட்டை, குஞ்சு என்று ஆகிவிடும்.

ஜூன் 25

கூண்டு வந்தது. உயரத்தைவிட நீளம் முக்கியம், பட்ஜி பக்கவாட்டில்தான் பறக்கும். 80 சென்டிமீட்டர் நீளம் எடுத்தோம். கம்பி இடைவெளி 12 மில்லிமீட்டருக்கு மேல் போனால் தலை மாட்டிக்கொள்ளும், அளவுகோல் வைத்தே பார்த்தோம். கூடவே வந்த பிளாஸ்டிக் குச்சிகளைக் கழற்றிவிட்டு, மருந்தடிக்காத மரக்கிளைகளைக் கழுவிக் காயவைத்துப் பொருத்தினோம். மெலிந்தும் தடித்தும் இருந்தால் பாதத்தின் ஒரே இடத்தில் அழுத்தம் விழாது, புண் வராது.

கூண்டுக்கான இடம் கூடத்துச் சுவர் ஓரம், கண் உயரத்தில். சமையலறைப் பக்கம் கூடவே கூடாது. நான்ஸ்டிக் பாத்திரம் காலியாகக் காய்ந்து அதிகச் சூடேறினால் வரும் புகைக்கு நிறமில்லை, நமக்குப் பெரிதாகத் தெரியவும் தெரியாது, பறவை சில நிமிடங்களில் இறந்துவிடும். உள்ளிழுக்கும்போதும் வெளிவிடும்போதும் நுரையீரல் வழியே புதுக்காற்று ஓடிக்கொண்டே இருக்கும் அமைப்பு அதற்கு. பறப்பதற்கான பிராணவாயு அப்படித்தான் கிடைக்கிறது, விஷமும் அதே வேகத்தில் ஏறுகிறது. ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற விஞ்ஞானியின் யோசனையின்படி பிரிட்டன் சுரங்கங்களில் விஷவாயுவை முன்கூட்டியே அறியக் கேனரி என்ற சிறு பறவைகளைக் கொண்டுபோனார்கள், 1986 வரை அந்த வழக்கம் இருந்தது.

இருந்த நான்ஸ்டிக் பாத்திரங்களை எல்லாம் எடுத்துவிட்டேன். வாசனை ஸ்ப்ரே, மெழுகுவர்த்தி, கொசுவத்தி எதுவும் இனி இல்லை. கைக்குழந்தைக்கும் அது நல்லதுதானே.

ஜூன் 29

வளர்ப்பவர் வீட்டில் முதல் பதினைந்து நிமிடம் தள்ளி நின்று பார்த்தோம். பக்கத்தில் போனால் நோயுள்ள பறவையும் நிமிர்ந்து உட்கார்ந்து நலமாக இருப்பதுபோல் காட்டும். கூட்டத்தில் பலவீனம் தெரிந்தால் வேட்டைக்காரன் கண்ணில் படும் என்பது அதன் இயல்பு. ஒரு பறவை இரண்டு காலையும் ஊன்றி, உடம்பைப் பந்தாக உப்பவைத்து, மூச்சுக்கு மூச்சு வால் ஆட உட்கார்ந்திருந்தது. அதை வளர்ப்பவரிடம் காட்டிவிட்டு அந்தக் கூண்டையே தவிர்த்தோம்.

வேறு கூண்டில் மூத்தவள் இரண்டைக் கண்டுபிடித்தாள். ஒன்று நீலம், ஒன்று பச்சை. நெற்றிக் கோடுகள் மூக்குவரை இறங்கியிருந்தன, கண் முழுக்கக் கருப்பு. முதல் இறகு உதிர்வுக்கு முந்தைய இளம் பறவை என்பதற்கு அதுதான் அடையாளம், உதிர்ந்ததும் நெற்றி வெளுத்துவிடும். மூக்கின் மேலுள்ள சதை சீராக இளஞ்சிவப்பு கலந்த ஊதாவாக இருந்தது, ஆண். நாசித் துளையைச் சுற்றி வெள்ளை வளையம் தெரிந்தால் பெண்.

இறகே முளைக்காத குஞ்சை வாங்கி நாமே ஊட்டி வளர்த்தால் நன்றாக ஒட்டும் என்று ஒரு பேச்சு வந்தது. உணவின் சூடு சற்று ஏறினாலும் இரைப்பை வெந்துவிடும், மூச்சுக்குழாயில் போனால் உயிரே போகும். தானாகக் கொத்தித் தின்னும் பறவைதான் வேண்டும் என்று சொன்னேன்.

ஜூலை 3

பறவைகளைப் பார்க்கும் டாக்டர் இரண்டையும் சோதித்தார், எச்சத்தையும் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வரும்வரை நான் கூடத்தில் அதிகம் உட்காரவில்லை. எல்லாம் சரி என்று வந்தது.

அவர் அழுத்திச் சொன்னது உணவைத்தான். தினை மட்டுமே தின்றால் கொழுப்பு கல்லீரலில் சேரும், வைட்டமின் ஏ குறையும். கீரை, துருவிய கேரட், பெல்லட் என்ற உருண்டைத் தீவனம் எல்லாம் வேண்டும். ஆனால் திடீரென்று மாற்றக் கூடாது. பழக்கமில்லாததை உணவென்றே அறியாமல் பட்டினி கிடக்கும். அவகாடோ, சாக்லேட், காபி, வெங்காயம் அறவே கூடாது. சின்னவன் இதைப் பாட்டாகவே பாடிக்கொண்டு திரிகிறான்.

ஜூலை 12

நீலம் இன்று கேரட்டைக் கொத்தியது. பச்சை அதைப் பார்த்துக் கொத்தியது. இரண்டு வாங்கியதில் இப்படியும் ஒரு லாபம். இரவு எட்டு மணிக்குக் கூண்டை மூடி, கூடத்து டிவியை நிறுத்திவிடுகிறோம், பத்துப் பன்னிரண்டு மணி நேர இருட்டு அவற்றுக்கு வேண்டும். வீடே அமைதியாகிவிடுகிறது.

ஆகஸ்ட் 24

விரலில் ஏறப் பழகிவிட்டன. ஜன்னலை மூடி, மின்விசிறியை நிறுத்தி, தினமும் மாலை வெளியே விடுகிறோம். சின்னவன் உள்ளங்கையை விரித்து, தினைக் கதிரோடு அசையாமல் உட்காருகிறான். மூடுவதில்லை.

கிராம் காட்டும் தராசில் ஒரு குச்சியைப் பொருத்தி, ஞாயிறுதோறும் மூத்தவள் எடை பார்க்கிறாள். நோய் வெளியே தெரியும் முன் எடையில்தான் தெரியும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து ஒரு நோட்டுப் போட்டுவிட்டாள். இந்த வாரம் நீலம் 33, பச்சை 36. மூன்று கிராம் குறைந்தால் உடனே டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும் என்று முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி, கீழே அவர் நம்பரையும் எழுதிவைத்திருக்கிறாள். நான் ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களுக்காக அப்பா பார்க்க வேண்டிய வேலைகள் அடுத்த பக்கத்தில்.