மொரிஸ் மைனர் காருக்குப் புது ரேடியேட்டர் கோர்

மொரிஸ் மைனர் 1000-இல் வெப்பமானி கிடையாது. எஞ்சின் கொதிப்பது, பொனட் ஓரத்தில் ஆவி கிளம்பிய பிறகுதான் தெரியும். எங்கள் 1958ஆம் ஆண்டு வண்டி யாழ்ப்பாண நகருக்குள் சமர்த்தாக ஓடும். ஏ-9 வீதியில் ஆனையிறவு தாண்டுவதற்குள் அடம்பிடிக்கும்.

எஞ்சினை நிறுத்தி, விசிறிப் பக்கமாகக் கையை விட்டு, எஞ்சின் தண்ணீரை ஆறவைக்கும் ரேடியேட்டரைத் தடவிப் பார்த்தேன். மேற்பகுதி சுட்டது, கீழே இரு மூலைகளிலும் சூடே இல்லை. அங்குள்ள குழாய்களில் தண்ணீர் ஓடவில்லை என்று அர்த்தம். ஆறிய எஞ்சினை ரேடியேட்டர் மூடி திறந்தபடி ஓடவிட்டபோது குமிழிகள் வரவில்லை. எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல் உள்ள ஹெட்டுக்கும் இடையே கசிவைத் தடுக்கும் ஹெட் காஸ்கெட் மீது இருந்த சந்தேகம் தீர்ந்தது.

ரேடியேட்டரைக் கழற்றுவது பெரிய வேலையில்லை. எஞ்சின் பிளாக்கின் பின்புறம் தண்ணீரை வடிக்கும் திருகிதான் சோதித்தது: திறந்தும் ஒரு சொட்டு வரவில்லை. கம்பியால் குத்தியதும் காவி நிறச் சேறு கொட்டியது. ஓடும் நீர் தெளியும்வரை கழுவினேன்.

பட்டறையில் மேல் தொட்டியின் ஈயத்தை உருக்கிப் பிரித்தார்கள். உள்ளே குழாய் வாய்கள் பாதிக்கு மேல் வெள்ளைப் படிவத்தால் அடைபட்டிருந்தன. நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தது. சுண்ணக்கல் மேல் இருக்கும் குடாநாட்டில் கிணற்று நீரை ஊற்றி ஓட்டினால் வேறென்ன படியும்? கம்பி விட்டுக் குத்தினால் மெலிந்த குழாய் ஓட்டையாகும் என்றார் பட்டறைக்காரர். "தம்பி, தொட்டியை மட்டும் எறிந்துவிடாதீர்கள், நல்ல பித்தளை" என்றும் சொன்னார். அலுமினிய ரேடியேட்டர் வாங்கும் யோசனையை அங்கேயே கைவிட்டேன். அது ஒழுகினால் ஈயம் வைத்து அடைக்க முடியாது. பழைய தொட்டிகளுக்கிடையே புதுச் செப்புக் கோர், அதாவது தண்ணீர் ஓடும் குழாய்த் தொகுதி, ஏறியது. வாய்களை அடைத்து, நீரில் அமிழ்த்தி, மூடியின் 7 பிஎஸ்ஐ அழுத்தத்தைவிடச் சற்றுக் கூடுதலாகக் காற்றடித்துப் பார்த்தோம். குமிழி இல்லை. கறுப்புப் பூச்சு மெல்லியதாகவே போதும். தடிப்பாக அடித்தால் சூடு வெளியேறாது.

திரும்பப் பூட்டும்போது பொறுமையைச் சோதிப்பது வாட்டர் பம்புக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள அந்தக் குட்டி பைபாஸ் குழாய். இந்த எஞ்சினை வடிவமைத்தவர் அதைத் தன் கையால் மாட்டிப் பார்த்திருக்கவே மாட்டார். மடிப்புள்ள ரப்பர் குழாயானால் பம்பைக் கழற்றாமலே நசுக்கி உள்ளே தள்ளலாம்.

வெப்ப நாட்டுக்குத் தேவையில்லை என்று யாரோ எப்போதோ பிடுங்கி எறிந்த தெர்மோஸ்டாட்டையும் (எஞ்சின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் வால்வு) புதிதாகப் போட்டேன். அது இல்லாவிட்டால் எஞ்சின் உரிய சூட்டுக்கு வரவே நேரமாகும், தேய்மானம் கூடும். கிணற்று நீருக்கு விடை கொடுத்தாயிற்று: வடிகட்டிய மழைநீரும் துரு தடுக்கும் கூலண்டும்தான் இப்போது உள்ளே.

கிளிநொச்சி வரை நடுப்பகலில் ஓட்டினேன், ஆவி இல்லை. அடுத்து மேல் குழாயை வெட்டி இடையில் பொருத்தும் வகை வெப்பமானி ஒன்று வேண்டும். கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் தேடச் சொல்லியிருக்கிறேன்.