மாஜிஸ்திரேட் கோர்ட்டில் 50,000 ரூபாய் பைன்: எந்த கேஸுக்கு உண்டு, எதுக்கு இல்லை

"அடிதடி கேஸுக்கே இனி அம்பதாயிரம் பைனாம்" என்று இரணியலிலும் குழித்துறையிலும் கோர்ட்டு வாசல் டீக்கடைகளில் ஒரு பேச்சு ஓடுகிறது. அதில் பாதிதான் சரி.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ். (பழைய சி.ஆர்.பி.சி.க்குப் பதிலாக வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 23-வது பிரிவுப்படி, முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் 50,000 ரூபாய் வரை பைன் போடலாம். முன்பு 10,000, 2006-க்கு முன்பு வெறும் 5,000. இரண்டாம் வகுப்புக்கு 5,000 ஏறி 10,000 ஆகியிருக்கிறது. ஜெயில் வரம்பு அதே 3 வருஷம், 1 வருஷம்தான். நாகர்கோவில் சி.ஜே.எம். (தலைமை நீதித்துறை மாஜிஸ்திரேட்) கோர்ட்டுக்கு இந்த பைன் உச்சவரம்பு அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

இந்த 50,000 மாஜிஸ்திரேட்டின் அதிகாரத்துக்குப் போட்ட எல்லை. குற்றத்துக்கு எவ்வளவு என்பதை அந்தந்தப் பிரிவு தனியாகச் சொல்லும். இரண்டில் எது குறைவோ அதற்கு மேல் போக முடியாது. சாதாரணக் காயம், பி.என்.எஸ். (ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த தண்டனைச் சட்டம்) 115(2): 10,000 வரை (பழைய ஐ.பி.சி. 323-இல் 1,000). வழிமறித்தல்: 5,000 வரை. தாறுமாறாக வண்டி ஓட்டியது, 281: இன்னும் அதே 1,000தான். ஆக, டீக்கடைப் பேச்சில் சொல்லும் அடிதடிக்கு அம்பதாயிரம் வராது.

வரம்பு ஏறியதால் நிஜமாகவே மாறுவது டிப்பர் கேஸ் மாதிரியானவை. களியக்காவிளை வழியாக ஜல்லி, எம்-சாண்ட் ஏற்றிப் போகும் வண்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 194-இல் அதிக பாரத்துக்கு 20,000, கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. எடைமேடைச் சீட்டில் 10 டன் கூடுதல் என்றால் 40,000. பழைய 10,000 வரம்புக்குள் இது அடங்காது, இப்போது அடங்கும். 15 டன்னில் சரியாக 50,000. 16 டன் ஆனால் 52,000, மறுபடியும் வரம்பு தாண்டிவிட்டது. தன் அதிகாரத்துக்கு மேற்பட்ட தண்டனை வேண்டும் என்று மாஜிஸ்திரேட் கருதினால், பி.என்.எஸ்.எஸ். 364-வது பிரிவின்கீழ் கேஸை சி.ஜே.எம்.முக்கு அனுப்ப வேண்டும். கோர்ட்டுக்குப் போகாமல் அதிகாரியிடமே இணக்கக் கட்டணம் கட்டி முடித்த வண்டிக்கு இந்தக் கணக்கே தேவையில்லை.

பணமில்லாமல் திரும்பிய செக்குக்கான கேஸ் வேறு ரகம். 1999-இல் கே. பாஸ்கரன் வழக்கில் உச்ச நீதிமன்றம், மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-வது பிரிவின்கீழ் வரும் இந்தக் கேஸிலும் மாஜிஸ்திரேட் அன்றைய 5,000 வரம்பைத் தாண்டக் கூடாது என்றது. அந்தச் சிக்கலுக்காகவே பிறகு அதே சட்டத்தில் 143-வது பிரிவு வந்தது. செக் தொகையின் இரண்டு மடங்கு வரை பைன் போட இந்த வரம்பு தடையில்லை.

தேதியையும் பாருங்கள். 1.7.2024 அன்று விசாரணையில் இருந்த கேஸ் பழைய சட்டப்படியே நடக்கும். அதில் முதல் வகுப்பு கோர்ட்டின் வரம்பு 10,000தான். கட்சிக்காரர்கள் இதைத்தான் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

கட்ட முடியாவிட்டால்? 115(2)-இல் அதிகபட்ச ஜெயில் ஒரு வருஷம். பைன் கட்டாததற்கு அதில் நாலில் ஒரு பங்கு, அதாவது 3 மாதத்துக்கு மேல் போடக் கூடாது. 10,000-க்கு 3 மாதம் போட்டு, பாதிப் பணம் கட்டினால் ஒன்றரை மாதத்தில் வெளியே வரலாம். பைன் மட்டும் விதிக்கப்பட்டவர் அன்றே கையில் பணம் இல்லையென்றால், பேசாமல் நிற்காமல் பி.என்.எஸ்.எஸ். 464-வது பிரிவின்கீழ் தவணை கேட்க வேண்டும்: 30 நாளுக்குள் முழுதாக, அல்லது இரண்டு மூன்று தவணை, முதல் தவணை 30 நாளுக்குள், அடுத்தவை 30 நாளுக்கு மிகாத இடைவெளியில். பாண்டு (உறுதிப் பத்திரம்) எழுதிக் கொடுக்க வேண்டும். ஜாமீன்தாரர் வேண்டுமா என்பது கோர்ட்டைப் பொறுத்தது.

அப்பீல் விஷயத்தில் ஒரு வேடிக்கை. முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் 100 ரூபாய்க்கு மேற்படாத பைன் மட்டும் போட்டால் அப்பீல் கிடையாது. பைனை அம்பதாயிரம் ஆக்கியவர்கள் இந்த நூறைத் தொடவே இல்லை. எனவே சுருக்க முறையில் விசாரித்த கேஸ் அல்லாவிட்டால், 101 ரூபாய் பைனுக்கும் 30 நாளுக்குள் செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போகலாம். ஆனால் குற்றத்தை ஒப்புக்கொண்டு பைன் கட்டியவர், தண்டனையின் அளவையும் அது சட்டப்படி சரியா என்பதையும் மட்டுமே அங்கே கேட்க முடியும்.