பனிநிலை 78

அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் கோடையைக் கழிப்பவர்கள் வெப்பமானியை மட்டும் நம்பி வெளியே கிளம்பினால் ஏமாந்துபோவார்கள் என்பது என் உறுதியான கருத்து. இல்லினாய் மாநிலத்தின் நடுவே, சிகாகோவுக்கும் செயின்ட் லூயிஸுக்கும் ஏறத்தாழப் பாதி வழியில் இருக்கும் எங்கள் ப்ளூமிங்டன்-நார்மல் இரட்டை நகரத்தில், ஜூலை நடுப்பகுதியான சென்ற வாரம், பகலின் உச்ச வெப்பநிலை 94 டிகிரி ஃபாரன்ஹீட்டில் தொடங்கி 81 வரை இறங்கி மீண்டும் 88க்கு ஏறியது. எண்ணளவில் இது பெரிய ஏற்ற இறக்கம் அன்று. ஆனால் மூச்சு முட்டும் புழுக்கமும், நள்ளிரவுப் புயலும், சன்னல்களைத் திறந்து வைத்துப் போர்வையோடு உறங்கும் குளிர்ச்சியும், கனடாவிலிருந்து வந்த காட்டுத்தீப் புகையும் அந்த ஒரே வாரத்துக்குள் வந்துபோயின. புகையைத் தவிர மற்ற அனைத்தையும் முன்கூட்டியே உணர்த்திய எண் ஒன்று உண்டு. அதுதான் பனிநிலை.

காற்றை எந்த வெப்பநிலை வரை குளிர்வித்தால் அதிலுள்ள நீராவி நீராகப் படியத் தொடங்குமோ அதையே பனிநிலை என்று பள்ளியில் படித்தோம். தேர்வு முடிந்ததும் மறந்தோம். தொலைக்காட்சியில் சொல்லப்படும் ஈரப்பத விழுக்காடு காலையில் 90 ஆகவும் பிற்பகலில் 55 ஆகவும் மாறிக்கொண்டே இருக்கும். காற்றில் உள்ள நீராவியின் அளவு மாறாதபோதும், வெப்பநிலை மாறினால் அந்த விழுக்காடு மாறிவிடும். பனிநிலையோ உண்மையில் எவ்வளவு நீராவி இருக்கிறது என்பதை நேரடியாகச் சொல்லிவிடும். இங்குள்ளவர்களின் வழக்கப்படி 55 டிகிரி என்றால் சுகமான காற்று, 65ஐத் தாண்டினால் சட்டை உடலில் ஒட்டத் தொடங்கும், 70க்கு மேல் எரிச்சல் வரும், 75க்கு மேல் பேச்சே குறைந்துவிடும். சென்ற திங்கட்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு அது 78 ஆக இருந்தது.

94 டிகிரி வெப்பமும் 78 டிகிரி பனிநிலையும் சேர்ந்தால் உடல் உணரும் வெப்பம் ஏறத்தாழ 110 டிகிரி, அதாவது 43 செல்சியஸ். வியர்வை வருவதில் குறைவில்லை. அது ஆவியாவதற்குத்தான் காற்றில் இடமில்லை. குளிரூட்டிய வீட்டிலிருந்து வாசற்படியைத் தாண்டியதும் மூக்குக்கண்ணாடி முழுவதும் வெண்மையாகப் படிந்துவிட்டது. துடைத்தால் மறுபடியும் படிந்தது. கண்ணாடிச் சில்லு வெளிக்காற்றின் சூட்டுக்கு வரும் வரையில் தபால்பெட்டி இருக்கும் திசையைக் குத்துமதிப்பாக வைத்துக்கொண்டுதான் நடக்க வேண்டியிருந்தது. அன்றிரவு திருச்சியிலிருந்து தொலைபேசியில் பேசிய அம்மாவிடம் 94 டிகிரி என்று சொன்னபோது, "இதுக்கா இப்படி அலட்டிக்கிறே? இங்கே நூறைத் தாண்டி ஒரு வாரமாச்சு கண்ணு" என்றார். அவர் சொன்னதும் உண்மைதான். ஆனால் ஜூலையில் திருச்சியை வந்தடையும் தென்மேற்குக் காற்று, மேற்குத் தொடர்ச்சி மலையில் மழையைக் கொட்டிவிட்டு உலர்ந்து இறங்கும் காற்று. அந்த நூறு டிகிரியில் கொடியில் போட்ட துணி அரை மணியில் காய்ந்துவிடும். இங்கே திங்கட்கிழமை காயப்போட்ட துண்டு செவ்வாய்க்கிழமை காலையிலும் ஈரமாகவே இருந்தது.

இவ்வளவு நீராவி எங்கிருந்து வருகிறது என்பதற்கு இரண்டு விடைகள் உண்டு. மேற்கே ராக்கி மலைகளும் கிழக்கே அப்பலாச்சியன் மலைகளும் வடக்கு தெற்காக நீண்டிருக்கின்றனவே தவிர, மெக்சிகோ வளைகுடாவுக்கும் கனடாவின் வடபகுதிக்கும் இடையே குறுக்காக ஒரு தடுப்பும் கிடையாது. ஆகவே காற்று தெற்கிலிருந்து வீசினால் வளைகுடாவின் ஈரமும், வடமேற்கிலிருந்து வீசினால் கனடாவின் உலர்ந்த குளிர்ச்சியும் ஓரிரு நாட்களில் எங்கள் வாசலுக்கு வந்துவிடும். இரண்டாவது விடை, ஊரைச் சுற்றி நான்கு பக்கமும் நிற்கும் மக்காச்சோளம். பரப்பளவில் இல்லினாயிலேயே பெரியதான எங்கள் மெக்லீன் கவுண்டியில் ஊரின் கடைசித் தெருவைத் தாண்டினால் மக்காச்சோளமும் சோயாவும் மட்டுமே தெரியும். ஓர் ஏக்கர் மக்காச்சோளம் நாளொன்றுக்கு 3,000 முதல் 4,000 கேலன் வரை, அதாவது 11,400 முதல் 15,100 லிட்டர் வரை நீரை இலைகளின் வழியே காற்றில் விடுகிறது என்பது அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் கணக்கு. வளைகுடாவிலிருந்து வரும் ஈரத்தின் மேல் இதுவும் சேர்ந்துகொள்வதை இங்குள்ளவர்கள் 'சோளத்தின் வியர்வை' என்றே சொல்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை மாலை வெயில் தாழ்ந்த பிறகு ஒரு வயலின் ஓரமாக நடந்தேன். பயிர் என் தலைக்கு மேல் ஓரடி உயர்ந்து நின்றது. உச்சியில் ஆண்பூக்கதிர்கள் விரிந்திருந்தன. இளங்கதிர்களின் நுனியில் வெளிர்பச்சை நிறத்தில் பட்டிழைகள் வெளிவந்து, தொட்டால் விரலில் லேசாக ஒட்டின. அந்த இழை ஒவ்வொன்றும் ஒரு மணியாக வேண்டிய சூலோடு இணைந்திருக்கிறது. மகரந்தம் விழாத இழைக்கு மணி கிடையாது. ஆண்டு முழுவதற்குமான விளைச்சலில் பெரும்பங்கு இந்த இரண்டு மூன்று வாரங்களில் தீர்மானமாகிவிடுவதால், மனிதர்களுக்கு ஆகாத அந்தப் புழுக்கத்தை உழவர்கள் ஒருபோதும் குறை சொல்லிக் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தபோது சட்டையின் தோள்பட்டையில் மஞ்சள் தூள் படிந்திருந்தது.

புழுக்கத்தை வெறும் அசௌகரியம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 1995 ஜூலையில் சிகாகோவில் இப்படியொரு வெப்ப அலையின்போது 700க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இரவிலும் தணியாத வெப்பத்தில், மாடிக் குடியிருப்புகளில் தனியாக வாழ்ந்த முதியவர்களே அவர்களில் மிகுதி. பகலின் உச்சத்தைவிட இரவின் தாழ்நிலையே ஆளைச் சாய்க்கிறது. அந்தத் தாழ்நிலையையும் பனிநிலைதான் கட்டுப்படுத்துகிறது, ஏனெனில் இரவில் காற்று குளிர்ந்து பனிநிலையை நெருங்கியதும் அதற்குக் கீழே எளிதில் இறங்குவதில்லை.

புதன்கிழமை காலையிலேயே ஓக்லஹோமா மாநிலத்தின் நார்மன் நகரில் உள்ள புயல் முன்கணிப்பு மையத்தின் வரைபடத்தில் எங்கள் பகுதி ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, ஊதா கலந்த இளஞ்சிவப்பு என்று ஏறும் அபாய நிலைகளில் அது மூன்றாவது. ஆயினும் பகல் முழுவதும் வானத்தில் ஒரு துண்டு மேகமும் திரளவில்லை. இதற்குக் காரணம், தென்மேற்கு மேட்டுநிலங்களிலிருந்து வரும் சூடான உலர்காற்று சில ஆயிரம் அடி உயரத்தில் பரவிக் கீழேயுள்ள ஈரக்காற்றை மேலெழ விடாமல் மூடிவிடுவதுதான். மூடி இருக்கும் வரை அடியில் சூடும் ஈரமும் சேர்ந்துகொண்டே போகும்; குளிர்ந்த காற்றுத் திரளின் முன்விளிம்பான குளிர் வளிமுகம் வந்து அதை உடைக்கும்போது சேர்ந்தவை அனைத்தும் ஒரே வேகத்தில் மேலே பாயும்.

நம் ஊர்க் கோடை இடிமழை பெரும்பாலும் மாலையோடு முடிந்துவிடும். இங்கே அது நள்ளிரவுக்கு மேல் வருவது எனக்கு நெடுங்காலம் விளங்காத விஷயமாக இருந்தது. பகலில் சூடேறிய தரை காற்றைக் கலக்கிக்கொண்டே இருப்பதால் தரையின் உராய்வு மேற்காற்றையும் பிடித்து நிறுத்துகிறது. சூரியன் மறைந்து தரை குளிர்ந்ததும் அந்தப் பிடி விட்டுப்போய், சில நூறு மீட்டர் உயரத்தில் தெற்குக் காற்று வேகமெடுத்து வளைகுடாவின் ஈரத்தை இரவு முழுவதும் வடக்கே கொண்டுவந்து கொட்டுகிறது. மாலையில் நெப்ராஸ்காவிலோ அயோவாவிலோ உருவான இடிமழைக் கூட்டம் அந்த ஈரத்தை உண்டு பெருத்து, நாங்கள் உறங்கும் நேரத்தில் மிசிசிப்பி ஆற்றைக் கடந்து வந்துசேர்கிறது.

புதன்கிழமை இரவும் அவ்வாறே நடந்தது. இரண்டரை மணியளவில் விழித்தபோது மேற்கு வானம் இடைவிடாமல் மின்னிக்கொண்டிருந்தது. இடியோசை அதுவரை வந்து சேரவில்லை. லிங்கன் நகரில் உள்ள தேசிய வானிலைச் சேவை அலுவலகம் மணிக்கு 60 மைல் வேகக் காற்றுக்கு எச்சரிக்கை விடுத்திருந்தது. ஆனால் கைபேசி அலறவில்லை. 2021 ஆகஸ்டு முதல், மணிக்கு 80 மைல் காற்று அல்லது பேஸ்பால் அளவுள்ள ஆலங்கட்டி என்ற அளவை எட்டும் இடிமழைக்குத்தான் கைபேசிகளில் கட்டாய அபாய ஒலி வருகிறது. 58 மைல் வேகமே கடும் இடிமழைக்கான வரம்பு என்பதால், இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட புயல்கள் உறங்குபவரை எழுப்பாமலே கடந்துபோகலாம். முதலில் சில்லென்ற ஒரு காற்று வந்து பின்தோட்டத்து மேப்பிள் மரத்தின் இலைகளையெல்லாம் வெள்ளை அடிப்புறம் தெரியும்படி புரட்டியது. அடுத்த இரண்டு நிமிடங்களில் மழை கிடையாகப் பெய்தது. பட்டாணி அளவுள்ள ஆலங்கட்டிகள் மரத்தளத்தில் தெறித்தன, மின்சாரமும் போய்விட்டது.

மின்சாரம் போவதைவிட, அதனால் நிலவறைக் குழியில் ஊறும் நீரை வெளியேற்றும் சம்ப் பம்ப் நின்றுபோவதுதான் இங்குள்ள வீட்டுக்காரர்களின் கவலை. இந்தச் சமவெளியின் பெரும்பகுதி ஒருகாலத்தில் நீர் தேங்கிய புல்வெளி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மண்ணுக்கடியில் சுட்ட களிமண் குழாய்களைப் பதித்து நீரை வடித்து வயலாக்கினார்கள். கனமழை பெய்தால் அந்த நீர் வீட்டின் அடித்தளத்தைத்தான் தேடி வரும். 2021 ஜூன் இறுதியில் பெய்த பெருமழையில் இவ்வூரில் ஏராளமான நிலவறைகள் மூழ்கின. இந்தப் புதன்கிழமை இரவு கைவிளக்கோடு கீழே இறங்கி, குழியில் நீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். விளிம்புக்கு நான்கு விரல் இருக்கும்போது மின்சாரம் வந்து பம்ப் உறுமத் தொடங்கியது. பேட்டரியில் இயங்கும் மாற்றுப் பம்ப் வேண்டுமா வேண்டாமா என்ற எங்கள் வீட்டு விவாதம் அத்துடன் முடிவுக்கு வந்தது. நிலவறையே வேண்டாம் என்று சொல்வாரும் உண்டு. சூறாவளி வந்தால் ஒதுங்க ஓர் இடம் வேண்டுமே என்று அவர்களுக்கு நான் ரோனோக் ஊரைச் சொல்வேன். 2004 ஜூலை 13 அன்று, எங்களுக்கு வடக்கேயுள்ள உட்ஃபோர்ட் கவுண்டியில் அந்த ஊரருகே ஒரு தொழிற்சாலையை எஃப்4 என்ற மிகக் கடும் தரத்துச் சூறாவளி (டொர்னாடோ) தரைமட்டமாக்கியபோது, உள்ளே இருந்த ஏறத்தாழ 140 பேரும் கட்டடத்திலேயே அமைக்கப்பட்டிருந்த புகலறைகளுக்குள் ஒதுங்கி உயிர் தப்பினார்கள்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு அண்டை வீட்டுப் பெரியவர் தன் மழைமானியைப் படித்துக்கொண்டிருந்தார். அவர் ஓய்வுபெற்ற உழவர்; கோகோராஸ் என்ற தன்னார்வ மழையளவர் அமைப்பில் இருக்கிறார். 1998இல் கொலராடோவில் தொடங்கிய அந்த அமைப்பில் சேர்ந்தவர்கள் நான்கு அங்குல விட்டமுள்ள ஒரே மாதிரிக் குழாயைத் தோட்டத்தில் நட்டு, ஓர் அங்குலத்தின் நூறில் ஒரு பங்கு வரை துல்லியமாக அளந்து அனுப்புகிறார்கள். உள்குழாய் நிரம்பி வெளிக்குழாயில் வழிந்திருந்ததை மெல்ல ஊற்றி அளந்துவிட்டு, "ஒன்று புள்ளி எட்டு ஒன்று. பட்டிழை வந்த நேரத்தில் இதற்கு மேல் என்ன கேட்க முடியும்?" என்றார். காற்றில் சாய்ந்த பயிர் நிமிருமா என்று கேட்டேன். பூக்கதிர் வருவதற்கு முன் சாய்ந்தால் நிமிர்ந்துவிடும், வந்த பிறகு சாய்ந்தது பெரும்பாலும் வளைந்தபடியே நிற்கும் என்றார். 2020 ஆகஸ்டு 10 அன்று 14 மணி நேரத்தில் 770 மைல் ஓடி, அயோவாவின் சீடார் ராப்பிட்ஸில் மணிக்கு 140 மைல் வேகத்தை எட்டியதாக மதிப்பிடப்பட்ட, டெரெச்சோ என்ற நெடுந்தூர நேர்காற்றுப் புயலுக்குப் பிறகு, தரையோடு படுத்த வயல்களை அறுக்கவே முடியாமல் உழுது புதைத்தவர்களைத் தனக்குத் தெரியும் என்றும் சொன்னார்.

அன்று நண்பகலுக்குள் காற்று திசை மாறி வடமேற்கிலிருந்து வீசத் தொடங்கியது. பனிநிலை 76, 68, 61 என்று மணிக்கு மணி இறங்கி மாலையில் 55க்கு வந்தது. குளிரூட்டியை நிறுத்திவிட்டு எல்லாச் சன்னல்களையும் திறந்தோம். எட்டரை மணி வரை வெளிச்சம் இருக்கும் ஜூலை மாலையில், பழைய ரயில் பாதையில் அமைந்த கான்ஸ்டிடியூஷன் நடைபாதையில் அன்றைக்குத்தான் அந்த வாரத்திலேயே அத்தனை பேரைப் பார்த்தேன்.

பனிநிலை என்னைக் கைவிட்டது வெள்ளிக்கிழமைதான். உடலுக்கு இதமான அதே வடமேற்குக் காற்று கனடாவின் காட்டுத்தீப் புகையையும் ஏந்தி வந்தது. வானம் நீலமாக இல்லாமல் பால்வெண்மையாக இருந்தது. மாலைச் சூரியனைக் கண் கூசாமல் பார்க்க முடிந்தது. காற்றுத் தரக் குறியீடு 100ஐத் தாண்டி ஆரஞ்சு நிலைக்குப் போனது. திறந்த சன்னல்களை மறுபடியும் மூட வேண்டியதாயிற்று. 2023 ஜூன் கடைசி வாரத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. அந்த வாரம் 27, 28 தேதிகளில் சிகாகோ உலகின் மிக மாசடைந்த பெருநகரங்களின் வரிசையில் முதலிடத்துக்குப் போனது. 29ஆம் தேதி ஸ்பிரிங்ஃபீல்ட், டிகேட்டர் பகுதிகளை ஒரு டெரெச்சோ புரட்டிப்போட்டது. ஜூலை 2 அன்று சிகாகோவின் மேற்குப் பகுதிகள் வெள்ளத்தில் மிதந்தன. அதற்கு முந்தைய வாரங்களில் இதே மாநிலம் வறட்சியில் வாடிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை புகை விலகியது. நகர மையத்து உழவர் சந்தையில் அந்த ஆண்டின் முதல் இனிப்புச் சோளம் வந்திருந்தது என்பதைத் தவிரச் சொல்ல ஏதுமில்லை. ஞாயிற்றுக்கிழமை காற்று மறுபடியும் தெற்கிலிருந்து வீசி, காலையில் 60 ஆக இருந்த பனிநிலை மாலைக்குள் 69 ஆயிற்று. செவ்வாய்க்கிழமைக்குள் 75ஐத் தாண்டும் என்று லிங்கன் அலுவலகம் எழுதியிருக்கிறது. புல்வெட்டும் வேலையைத் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும். மாற்றுப் பம்ப்புக்கான பேட்டரி புதன்கிழமைதான் வரும் என்கிறார்கள்.