இரண்டு நிமிடம்

"ஒரு நாளைக்கு இரண்டு நிமிடம் கிடைக்கவில்லையா, ஐயா?" என்று கேட்டேன். காலி வீதியோரத்தில் பல் வைத்தியராக இருக்கிற இந்தப் பதினொரு வருடத்தில் நாளுக்குப் பத்துப் பேரிடமாவது கேட்கிற கேள்விதான். மறுமொழிகளும் எனக்கு மனப்பாடம்: பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்ப வேண்டும், 100ஆம் இலக்க பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், இரவில் களைப்பு. அவர் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, "கிடைத்தது டொக்டர். முழு நாளும் கிடைத்தது" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். பகிடி என்று நினைத்தேன்.

நினைத்ததற்குக் காரணம் இருந்தது. பத்திரிகை ஒன்றில் ஒப்புநோக்குநராக இருந்தவர் அவர். ஆறு வருடத்துக்கு முன் முதல் தடவை வந்தபோது கதிரையில் சாயாமல் சுவரிலிருந்த அறிவித்தலையே பார்த்துக்கொண்டு நின்றார். 'தினமும் இரு தடவை பல் துளக்குங்கள்' என்று அதில் இருந்தது. "பிள்ளை, துலக்க வேண்டும். துளக்கினால் அசைத்ததாகிவிடும். பல் ஆடும். உங்களுக்கு வருமானம் கூடும்" என்றார். 'தீட்டுங்கள்' என்று ஊர் வழக்கில் எழுதியிருந்தால் இந்த வம்பே வந்திராது. அதன்பின் ஒவ்வொரு வருகையிலும் ஏதோவொரு பிழை பிடிப்பார். அவருடைய வாயிலோ நான் பிடிக்க ஒன்றும் இருக்காது. கடைசிப் பக்கம் அச்சுக்குப் போனபின், நடுச்சாமம் தாண்டி வீட்டுக்கு வந்து, பல் தீட்டிவிட்டுத்தான் படுப்பாராம்.

அன்று அவர் சுவரைப் பார்க்கவில்லை. என்னைப் 'பிள்ளை' என்றும் சொல்லவில்லை. இரண்டும் அன்றிரவு பாத்திரம் கழுவும்போதுதான் எனக்கு உறைத்தன.

ஆனால் ஒன்று அங்கேயே தெரிந்திருக்க வேண்டும். வாய்க்குள் விட்ட சிறு கண்ணாடி கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. ஈரமான வாயில் அது வழுக்கிக்கொண்டு போகும். உமிழ்நீர் குறைந்த வாயில்தான் ஒட்டும். இழுத்தெடுத்தபோது கன்னத்தின் தோல் கொஞ்சம் கூடவே வந்தது. பல் வைத்தியம் படிக்கிற பிள்ளைகளுக்கு ஆரம்பத்திலேயே சொல்லிக்கொடுக்கிற அடையாளம் இது. ஒரு நாளில் அரை லீற்றரிலிருந்து ஒன்றரை லீற்றர் வரை சுரக்கிற அந்த நீர்தான் பல்லுக்கு முதல் காவல். அது அமிலத்தைத் தணிக்கும், மிச்சம் மீதியைக் கழுவும், பல்லிலிருந்து கரைந்துபோன கனிமத்தைத் திருப்பிக் கொடுக்கும். அது வற்றினால் முரசு இறங்கிய இடத்தில், வேரோரமாக, பழுப்பு நிறத்தில் மெதுவாகச் சொத்தை தொடங்கும். அவருக்கு நான்கு பற்களில் தொடங்கியிருந்தது.

சட்டைப்பையில் இஞ்சி டொபி வைத்திருந்தார். "வாய் காய்கிறது, அதனால்தான்" என்றார். காய்கிற வாய்க்கு இனிப்பை உமிந்துகொண்டிருப்பது எரிகிற இடத்தில் எண்ணெய் ஊற்றுவது போல. அதைச் சொன்னேன். ஏன் காய்கிறது என்று கேட்கவில்லை. டொபிக்கு ஒரு பேச்சு, தீட்டாததற்கு ஒரு பேச்சு. புளோரைட் பற்பசை, இரவில் தீட்டியபின் தண்ணீரைத் தவிர வேறொன்றும் கூடாது, பசையைத் துப்பிவிட்டு வாயைக் கொப்பளிக்காமல் விடுங்கள் என்று வழக்கமான பாடம் முழுவதையும் ஒப்பித்தேன். அவர் பாடசாலைப் பிள்ளை மாதிரித் தலையாட்டினார்.

வெளியே ஐந்து பேர் காத்திருந்தார்கள். ஒருவருக்குக் கால் மணித்தியாலம் என்று கணக்கு. நான் பல்லுக்குத்தான் படித்தேன். இவையெல்லாம் உண்மை, இவற்றைப் பல தடவை எனக்கே சொல்லிக்கொண்டும் இருக்கிறேன். அதே உண்மையில் இன்னொன்றும் இருக்கிறது. "முழு நாளும் கிடைத்தது" என்று ஒரு மனிதர் சொல்லும்போது அதிலிருக்கிற சோர்வைக் கேட்கப் பட்டம் வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக்காரிக்குக் கேட்டிருக்கும்.

அவர் இளைப்பாறி ஒரு வருடம் ஆகியிருந்தது. பழக்கம், பழக்கம் என்று நாங்கள் ஓதுகிறோம். அது ஏதோ தனியாக நிற்கிற பொருள் மாதிரி. அவருடைய பல் தீட்டல் கடைசிப் பக்கத்தில் கொளுவியிருந்தது. பக்கம் இல்லை, ஆணி இல்லை, கொளுவியதும் விழுந்துவிட்டது. அப்படியானால் இரண்டு நிமிடத்தைப் பற்றிய என் கேள்வி கள்வன் போன பிறகு பூட்டைப் பற்றிக் கேட்டது போன்றதுதான். இல்லை, இதுவும் நான் பிறகு கட்டிய கதையாக இருக்கலாம். வெறும் சோம்பலாகவும் இருந்திருக்கலாம். இளைப்பாறியவருக்குச் சோம்பல் வரக்கூடாதா?

இரண்டு கிழமை கழித்து நிரப்புவதற்கு வந்தார். இந்தத் தடவை புதிய விபரப் படிவம் கொடுக்கச் சொல்லியிருந்தேன். பழையது ஆறு வருடத்துக்கு முந்தியது, அதில் 'மருந்து இல்லை' என்றுதான் இருந்தது. திரும்பி வந்த படிவத்தில் 'தற்போது எடுக்கும் மறுந்துகள்' என்ற வரியில் ற-வைச் சுற்றி ஒரு வட்டம், ஓரத்தில் சின்னதாக ஒரு ர. அதற்குக் கீழே முத்து முத்தாக: அமிட்ரிப்டிலின், இரவில்.

வாயைக் காயவைக்கிற மருந்துகளில் பேர்போனது அது. நரம்பு வலிக்கும் கொடுப்பார்கள், மனச்சோர்வுக்கும் கொடுப்பார்கள். "எதற்கு, ஐயா?" என்றேன். "நித்திரைக்கு" என்றார். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிக்கொடுத்த வைத்தியரிடம் வாய் காய்வதைச் சொல்லுங்கள், டொபிக்குப் பதிலாகச் சீனியில்லாத சுவிங்கம் என்றேன். பிறகு இரவெல்லாம் ஒத்திகை பார்த்த கேள்வியைக் கேட்டேன்: "மனம் எப்படி இருக்கிறது?"

"பல்லைப் பாருங்கள், பிள்ளை" என்றார்.

பார்த்தேன். பளபளவென்று இருந்தது. ஆனால் கருவி பட்ட இடமெல்லாம் முரசு கசிந்தது. அது இரண்டொரு நாள் மட்டும் அழுத்தித் தீட்டிய வாய். எனக்காகத் தீட்டிய வாய். அப்படியென்றால் என் ஏச்சு வேலை செய்ததா? வெட்கத்தில் தீட்டினாலும் பல்லுக்கு வித்தியாசம் தெரியாது என்று என் உள்ளே இருக்கிற வைத்தியர் சொல்கிறார். அவருடன் எனக்கு இப்போது அவ்வளவு ஒத்துப்போவதில்லை.

தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் எழுதிய ஓர் அட்டை என் லாச்சியில் வெகுநாளாகக் கிடக்கிறது. கையில் கொடுக்கத் துணிவில்லை. இந்த ஊரில் அங்கொடை என்ற பெயரை என்ன மாதிரிப் பகிடிக்குப் பாவிக்கிறார்கள் என்று தெரியும்தானே. அந்த நிறுவகம் இருப்பது அங்கே. பற்பசை மாதிரிகள் போட்ட பைக்குள் அட்டையையும் செருகி அனுப்பினேன். எதையும் வாசிக்காமல் விடுகிற மனிதர் அல்ல அவர். வீட்டில் தனியாக அதை எடுத்துப் படித்தபோது என்ன நினைத்திருப்பார்? சொல்லிக் கொடுத்திருக்கலாம். கொடுக்காமலே இருந்திருக்கலாம். இரண்டும் இல்லாத ஒன்றைச் செய்தேன்.

போன மாதம் முதியோர் ஒன்றுகூடல் ஒன்றில் பல்லும் மனமும் நன்றாக இருக்க எளிய பழக்கங்கள் என்று பேசக் கூப்பிட்டார்கள். பேசினேன். கைதட்டினார்கள். இரண்டு நிமிடம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் தண்ணீர் குடித்தேன்.

படிவத்தைத் திருத்தி மறுபடி அச்சடிக்கக் கொடுத்திருக்கிறோம். பார்வைப்படி வந்துவிட்டது. உதவியாளப் பிள்ளை இரண்டு தடவை கேட்டுவிட்டாள், பிழை பார்த்துக் கொடுங்கள் என்று. அதை லாச்சியில் வைத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை நான்கரைக்கு அவருடைய பெயர் இருக்கிறது.