மூன்று மில்லிமீட்டர் பனி: 1679 காயல் டயோரமா, ஆறாம் மாதம்

நேற்று இரவு பதினொன்றேகால் மணிக்கு என் டயோரமாவில் (சிறு பொம்மைகளை வைத்துச் செய்யும் காட்சி மாதிரி), பனிக்காக வைத்த அக்ரிலிக் தகடு விரிசல் விட்டது! மேசை விளக்கைச் சாய்த்துப் பார்த்தேன். தகட்டுக்குள்ளே வெள்ளிச் சரிகை இழுத்த மாதிரி நூற்றுக்கணக்கான கோடுகள், சில நகத்தளவு, சில விரல் நீளம். நான்கு மாதமாக இதற்குத்தான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். தூங்கிக்கொண்டிருந்த தம்பியை எழுப்பிக் காட்டிவிட்டுத்தான் படுத்தேன்.

காட்சி இதுதான்: 1679 ஜனவரிக் கடைசி, பால்டிக் கடலோரத்தில் உறைந்து கிடக்கும் குரிஷெஸ் ஹாஃப் காயல். ஜெர்மன் நாடான பிராண்டன்பர்க்கின் எலெக்டர் (பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்ற ஆட்சியாளர்) பிரெடரிக் வில்லியத்தின் காலாட்படை சறுக்கு வண்டிகளில் ஏறி ஸ்வீடன் படையைத் துரத்திப் போகிறது. 1/72 அளவு, ஒன்றரை அடிக்கு ஓரடி பலகை. நான்கு வண்டி, எட்டுக் குதிரை, ஒரு பீரங்கி, இருபத்தாறு ஆள். ஆளும் குதிரையும் போன மாதமே பெயிண்ட் ஆகிவிட்டன. பனிதான் பாக்கி.

ஃபேர்பெலின் போரைச் செய்திருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. 1675-ல் ஸ்வீடனை வென்ற அந்தச் சண்டைதான் எலெக்டருக்கு ‘மகா எலெக்டர்’ என்ற பெயர் வாங்கித் தந்தது, பொம்மைகளும் சுலபமாகக் கிடைக்கும். ஆனால் அந்த மனிதர் என்ன கட்டியெழுப்பினார் என்பது எனக்கு இந்தப் பனி ஓட்டத்தில்தான் தெரிகிறது. 1640-ல் இருபது வயதில் பட்டத்துக்கு வந்தபோது அவர் நாடு ஊரார் நடக்கும் வழிப்பாதை. முப்பதாண்டுப் போரில் ஸ்வீடன்காரனும் வந்தான், புனித ரோமானியப் பேரரசரின் படையும் வந்தது. பெர்லினில் பாதி ஜனம் இல்லை. சொந்தப் படையே பேரரசருக்கும் சத்தியம் செய்து கொடுத்திருந்த படை.

அதே ஆள் 58 வயதில் என்ன செய்கிறார் பாருங்கள். 1678 இலையுதிர் காலத்தில் பொமரேனியாவில் ஸ்ட்ரால்சுண்டையும் கிரைஃப்ஸ்வால்டையும் அப்போதுதான் பிடித்து முடித்திருக்கிறார். ஸ்வீடன் கையிலிருந்த லிவோனியாவிலிருந்து (ரீகா பக்கம்) ஸ்வீடன் படை, கிழக்கே அவருடைய இன்னொரு நாடான பிரஷ்யாவுக்குள் இறங்கிவிட்டது என்று சேதி வருகிறது. நடுக்குளிரில் சுமார் 9,000 பேரோடு கிளம்புகிறார். குடியானவர்களிடமிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட சறுக்கு வண்டிகளைத் திரட்டி வைக்கச் சொல்லி உத்தரவு முன்னாலேயே போய்விட்டது. முதலில் ஃபிரிஷெஸ் ஹாஃப் காயலைக் கடந்து கோனிக்ஸ்பெர்க். அப்புறம் லாபியாவிலிருந்து குரிஷெஸ் ஹாஃப் மேல் நேர்கோடாக கில்கே ஊர் வரை. கரையைச் சுற்றிப் போகும் தூரம் மிச்சம். குளிரிலும் பசியிலும் நோயிலும் கரைந்து, ஸ்வீடன் படையில் சிறு பகுதிதான் ரீகாவுக்குத் திரும்பியது. இந்தக் கதைக்குப் பனிதான் சாலை. அது கண்ணாடித் துண்டு போல இருந்தால் மற்ற எல்லாம் வீண்.

சரி, பனிக்கு வருவோம்.

முதல் மூன்று முயற்சி எபாக்ஸி ரெசின், அதாவது கலந்து ஊற்றினால் கண்ணாடி போல இறுகும் பிளாஸ்டிக் திரவம். மழை நாளில் ஊற்றிய முதல் தகடு காய்ந்ததும் மேலே எண்ணெய்ப் பிசுக்குப் போலப் படிந்து வெளுத்துவிட்டது. ஈரக்காற்றின் வேலை. இரண்டாவது நன்றாகக் காய்ந்தது, ஆனால் தண்ணீராகத் தெரிந்தது, பனியாக இல்லை. மூன்றாவதில், காய்ந்த தகட்டைச் சுத்தியலால் தட்டி விரிசல் விட்டு, மேலே இன்னொரு அடுக்கு ஊற்றினேன். காலையில் பார்த்தால் விரிசல் ஒன்றுகூட இல்லை! யோசித்த பிறகுதான் புரிந்தது. விரிசல் கண்ணுக்குத் தெரிவது உள்ளே காற்று இருப்பதால். அந்த இடைவெளியில் அதே ரெசின் புகுந்தால் ஒளிக்கு இரண்டும் ஒன்றுதான். காற்றைக் காப்பாற்றினால்தான் விரிசல் பிழைக்கும். இந்த ஒரு வரியைக் கற்றுக்கொள்ள மூன்று கிட் ரெசின் போனது.

நான்காவது, 3 மி.மீ. அக்ரிலிக் தகடு. 72 மடங்கு பெருக்கினால் 21.6 செ.மீ. தடிமன், குதிரையையும் வண்டியையும் தாங்கும் பனி. பெயர்ப்பலகை கடையில் லேசரில் வெட்டி வாங்கி வந்து ஊசியால் விரிசல் கீறி வெள்ளை தேய்த்தேன். கோலம் போட்ட மாதிரிதான் இருந்தது. வெறுத்துப்போய் எல்லாவற்றையும் ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) தொட்டுத் துடைத்தபோது, லேசர் வெட்டிய ஓரத்தில் மட்டும் மெல்லிய கோடுகள் பளிச்சென்று கிளம்பின. லேசர் சூட்டில் ஓரத்துக்குள் இறுக்கம் தங்கிவிடுகிறது. அந்த இறுக்கத்தின் மேல் ஐபிஏ பட்டால் அக்ரிலிக் உள்ளுக்குள்ளேயே பிளக்கிறது. பெயர்ப்பலகைக்காரர்களுக்கு இது தலைவலி. எனக்குப் புதையல்.

ஓரத்தில் தானாக வந்ததை நடுவில் வரவழைக்க வேண்டும், அவ்வளவுதான். தகட்டின் நடுவே அடியில் ஓர் அங்குல பிவிசி குழாயை நீளவாக்கில் வைத்து, இரு பக்க ஓரங்களையும் கிளாம்பால் மேசை வரை இறக்கினேன். மேல்புறம் இழுபடும். அங்கே பஞ்சால் ஐபிஏ தடவி, காயக் காயத் திரும்பத் தடவ, பத்து நிமிடத்தில் முதல் கோடு வந்தது. கோடுகள் குழாய்க்கு இணையாகத்தான் ஓடும். அதனால் குழாயைக் கொஞ்சம் கோணலாக நகர்த்தி இன்னொரு தடவை. குறுக்குக் கோடு வேண்டுமென்றால் குழாயைக் குறுக்கே திருப்பிப் போடணும். நீளம் அதிகம் என்பதால் இரண்டு அங்குலக் குழாய் இல்லாமல் போதிய வளைவு வராது. கிளாம்பைத் தளர்த்தியதும் கோடுகள் கொஞ்சம் மங்கும், ஆகவே வேண்டியதைவிடக் கூடுதலாகவே விடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது. செய்கிறவர்கள் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள், தகடு உடையவும் கூடும்.

ஐபிஏ-வுக்கு மருந்துக் கடை வேண்டாம். மொபைல் சர்வீஸ் சாமான் விற்கும் கடையில் போர்டு துடைக்க வைத்திருப்பது சுத்தமாக இருக்கிறது. அக்ரிலிக்கும் முழுத் தகடு வாங்கத் தேவையில்லை, பெயர்ப்பலகை கடைகளில் வெட்டு மிச்சம் எடை போட்டுத் தருகிறார்கள். ரெசின் மட்டும் எங்கே வாங்கினாலும் தயாரித்த தேதியைப் பாருங்கள். நான் ஒரு கடையில் தேதி அழிந்த புட்டி வாங்கி மஞ்சள் பூத்ததைத் தலையில் கட்டிக்கொண்டேன், மாற்றித் தரவும் மாட்டார்களாம்.

தகட்டின் அடியில் முதலில் கருநீலம் அடித்திருந்தேன். அது தப்பு. இந்தக் காயலுக்குச் சராசரி ஆழம் 4 மீட்டர்கூடக் கிடையாது. சேற்றுப் பச்சையும் பழுப்பும் கலந்து அடித்த பிறகுதான் பனி தரையோடு ஒட்டி உட்கார்ந்தது.

வண்டியோட்டிகளைப் பற்றியும் சொல்லணும். நான்கு பேரையும் சிப்பாயாக இல்லாமல், ஆட்டுத்தோல் அங்கி போட்ட குடியானவர்களாகவே செய்தேன். 1653-ல் பிராண்டன்பர்க் பிரபுக்கள் படைச் செலவுக்கு ஆறு ஆண்டில் 530,000 தாலர் (அக்கால வெள்ளி நாணயம்) தர ஒப்புக்கொண்டார்கள். பதிலுக்கு, குடியானவன் மேல் அவர்களுக்கு இருந்த பிடியை எலெக்டர் உறுதி செய்து கொடுத்தார். பிரஷ்யாவுக்கு அந்த ஒப்பந்தம் இல்லை, ஆனால் அங்கும் மண்ணோடு கட்டப்பட்ட வாழ்வுதான். இந்தப் படையின் வேகத்தைச் சொல்லும் காட்சியில் அந்த முகம் இல்லாமல் எப்படி? ஒருவன் விரல்களை வாயருகே குவித்து ஊதிக்கொண்டிருக்கிறான். இந்தத் தொகுதியில் எனக்கு ரொம்பப் பிடித்த பொம்மை அவன்தான். கையை வெட்டித் திருப்ப மூன்று மாலைப் பொழுது ஆனது.

அடுத்த டயோரமா ராத்தெனோ ஊர்ச் சண்டை, 1675. ஹாவெல் ஆற்றுப் பாலத்தருகே, மஸ்கட் வீரர்களை வண்டிகளில் ஏற்றி வந்த அந்தப் படை. எலெக்டரின் தளபதி டெர்ஃப்லிங்கர் அப்போது அறுபது வயதைத் தாண்டியவர். வண்டிச் சக்கரத்துக்கு ஆரக்கால் வெட்ட ஊதுபத்திக் குச்சி ஒரு கட்டு வாங்கி வைத்துவிட்டேன்.

அதற்கு முன் இங்கே தூவல் பனி போடணும். சோடா உப்பு வேண்டாம், முந்தைய வேலையில் ஒரே வருஷத்தில் மஞ்சளானது. சலித்த வெள்ளைக்கல் மாவும் பசையும்தான். சிக்கல் என்னவென்றால், பசை விரிசலுக்குள் இறங்கினால் ரெசின் கதைதான், கோடு காணாமல் போகும். வெட்டு மிச்சத்தில் மூன்று துண்டு எடுத்து, பசையைக் கெட்டியாக, இன்னும் கெட்டியாக, மாவோடு பிசைந்து என்று மூன்று விதமாகத் தடவி வைத்திருக்கிறேன். முதல் துண்டில் இப்போதே இரண்டு கோடு மறைந்துவிட்டது. மற்ற இரண்டும் காலையில் தெரியும்.